வாங்குவதிலும் திறமை வேண்டும்

(ஊராட்சிப் பணியில் உள்ளவர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதைச் சொல்லும்போதெல்லாம் நாம் மழையை நொந்துகொள்கிறோம். விலை வீழ்ச்சியை நொந்துகொள்கிறோம். புழுவையும் பூச்சியையும் நொந்துகொள்கிறோம். அவை யாவும் உண்மையே. ஆனால், மிஞ்ச வேண்டிய அந்த உழக்கில் ஒரு பகுதி, விதை மண்ணில் விழுமுன்பே கடை வாசலில் சிந்திப் போய்விடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பெருவாரியாகப் பயிராகின்றன. அரியலூர் மாவட்டத்தில் திருமானூர்ப் பக்கம் நெல்லும், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரியும் விளைகின்றன. பயிர் செய்யும் திறமையில் நம் மக்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். கரிசல் மண்ணின் ஈரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தே விதைப்பு நாளைச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆயினும் விவசாயியின் நிலை ஒன்றைக் கவனியுங்கள். அவர் தம் விளைச்சலை மொத்தமாக விற்கிறார். தமக்கு வேண்டியதைச் சில்லறையாக வாங்குகிறார். விற்கும்போது விலை சொல்பவர் வியாபாரி. வாங்கும்போதும் விலை சொல்பவர் வியாபாரியே. இரண்டு இடங்களிலும் விவசாயி கேட்டுக்கொள்பவராகவே நிற்கிறார்.

விற்கும் விலையை நாம் ஒருவராக நின்று மாற்றுவது அரிது. வாங்கும் முறையை மாற்றுவதோ பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. கொள்முதலில் மிச்சமாகும் ஒரு ரூபாய்க்கு மழை வேண்டியதில்லை, காவல் வேண்டியதில்லை, வண்டிச் சத்தமும் வேண்டியதில்லை. அது முழு ரூபாயாகவே வீட்டில் தங்குகிறது.

பேரம் மட்டும் திறமை ஆகாது

வாங்கும் திறமை என்றவுடன் பலரும் பேரத்தையே நினைக்கிறார்கள். நூறு ரூபாய் சொன்னதை எண்பதுக்குக் கேட்டு வாங்கினால் கெட்டிக்காரர் என்று பெயர். ஆனால் எண்பது ரூபாய்க்கு வாங்கிய பொருள் அறுபது ரூபாய்க்கான வேலையைத்தான் செய்யும் என்றால், அந்தப் பேரத்தில் வென்றவர் யார்? கடைக்குப் போவதற்கு முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை காண்பதுதான் உண்மையான திறமை. எது வேண்டும்? எவ்வளவு வேண்டும்? எப்போது வேண்டும்? எந்தப் பணத்தில் வாங்கப் போகிறோம்? இந்த நான்கையும் வீட்டுத் திண்ணையிலேயே முடிவு செய்தவரைக் கடைக்காரர் திசை திருப்ப முடியாது. இவற்றை முடிவு செய்யாமல் போகிறவர், கடைக்காரர் விற்க நினைத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்மணிகள் இக்கலையில் தேர்ந்தவர்கள். வாரச்சந்தைக்குப் போகும் தாய், வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டே புறப்படுகிறாள். சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி விலை விசாரித்த பிறகே முந்தியை அவிழ்க்கிறாள். வெங்காயத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கிறாள். ஐம்பது ரூபாய்ச் சாமானுக்கு அவள் காட்டும் இந்தக் கவனத்தை, ஐயாயிரம் ரூபாய் விதைக்கு நாம் காட்டுகிறோமா என்பதே கேள்வி.

விதையும் ரசீதும்

முதலில் விதையை எடுத்துக்கொள்வோம். எங்கள் குடும்பத்தில் நேர்ந்த பிழையையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மழை வந்துவிட்ட அவசரத்தில், தெரிந்த கடையிலே மக்காச்சோள விதை வாங்கினோம். ரசீது கேட்கவில்லை. கேட்டால் கடைக்காரர் வருத்தப்படுவாரோ என்று தயக்கம். விதைத்த எட்டாம் நாள் போய்ப் பார்த்தால், பாதி இடம் வெறும் நிலமாகக் கிடந்தது. பையையும் அதற்குள் எங்கோ எறிந்துவிட்டோம். கடையில் போய்க் கேட்டபோது, "இந்த விதை எங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார்கள். எங்களிடம் விடை இல்லை. மறுவிதைப்புக்கு ஆன செலவைவிட, கேட்க வாயில்லாமல் திரும்பி வந்ததே பெரிய நஷ்டமாகத் தோன்றிற்று.

விதைப் பையில் கட்டியிருக்கும் அட்டை வெறும் அலங்காரமன்று. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் அதற்கு உயிர் கொடுத்திருக்கிறது. நீல நிற அட்டை சான்று பெற்ற விதையைக் குறிக்கும். வெள்ளை அட்டை ஆதார விதையைக் குறிக்கும். பச்சை அட்டை, உற்பத்தியாளரே தம் பொறுப்பில் விவரம் கூறும் உண்மைநிலை விதையைக் குறிக்கும். ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத் திறன், புறத்தூய்மை, பரிசோதனை நாள், காலாவதி நாள் ஆகியவை அட்டையிலேயே உள்ளன. மக்காச்சோள விதைக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்த அளவு முளைப்புத் திறன் நூற்றுக்குத் தொண்ணூறு. அட்டையைப் படித்த பிறகும் ஐயம் இருந்தால், நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். செலவில்லாத பரிசோதனை இது. மழைக்கு முன்பே விதை வாங்கியவருக்குத்தான் இதற்கு நேரம் கிடைக்கும். அவசரத்தில் வாங்குகிறவர் சோதித்துப் பார்க்க வழியின்றிப் போகிறார்.

பருத்தி விதை வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. பி.டி. பருத்தி விதைப் பாக்கெட்டுக்கு 2016 முதல் மத்திய அரசே உச்சவிலையை நிர்ணயித்து வருகிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. களைக்கொல்லி தெளித்தாலும் கருகாத பருத்தி என்று சொல்லிச் சிலர் மறைமுகமாக விற்கும் விதை, நம் நாட்டில் அனுமதி பெறாதது. அதற்கு ரசீதும் கிடையாது. பயிர் கெட்டால் கேட்பாரும் கிடையாது.

ரசீதும் அட்டையும் பையும் கையில் இருந்தால் நிலைமையே வேறு. விதை ஆய்வாளரிடம் முறையிடலாம். நஷ்ட ஈடும் கேட்கலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்றும், விதை பொய்த்தால் நுகர்வோர் மன்றத்தை அவர் நாடலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டு ஜனவரியில், தேசிய விதைக் கழகத்தின் வழக்கொன்றில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆகவே, ரசீதையும் அட்டையையும் விதையில் ஒரு கைப்பிடியையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள். சாதாரணக் காகிதம் போலத் தோன்றும் அந்த ரசீதே உங்கள் பயிருக்குச் சாட்சி.

மூட்டை விலையும் சத்தின் விலையும்

அடுத்தது உரம். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். உரத்தைப் பொறுத்தவரை, அளந்து போடுவதற்கு முன்பு அளந்து வாங்க வேண்டும். நாம் பணம் கொடுப்பது மூட்டைக்கு. பயிர் உண்பதோ மூட்டைக்குள் இருக்கும் சத்தை. ஆகவே ஒரு கிலோ சத்து என்ன விலைக்கு வருகிறது என்பதே நாம் பார்க்க வேண்டிய கணக்கு.

ஓர் உதாரணம் கூறுவோம். யூரியா மூட்டை 45 கிலோ. அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆக மூட்டைக்கு 20.7 கிலோ. 2024-ஆம் ஆண்டில் அதன் விலை ஏறத்தாழ 266 ரூபாய். எனவே தழைச்சத்து கிலோ சுமார் 13 ரூபாய். டி.ஏ.பி. 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. அதே ஆண்டில் மூட்டை விலை 1,350 ரூபாய். தழைச்சத்துக்கு 117 ரூபாயைக் கழித்தால் மீதி 1,233 ரூபாய். அதை 23-ஆல் வகுத்தால், மணிச்சத்து கிலோ சுமார் 54 ரூபாய்க்கு வருகிறது. இனி, 20-20-0-13 என்று எழுதிய கலப்பு உரம் ஒன்று மூட்டை 1,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் தழை 10 கிலோ, மணி 10 கிலோ, கந்தகம் ஆறரைக் கிலோ. தழைச்சத்தின் விலை 130 ரூபாய் போக 1,170 ரூபாய் மிஞ்சுகிறது. உங்கள் நிலத்திற்குக் கந்தகம் தேவையில்லை என்றால், மணிச்சத்து கிலோ 117 ரூபாய் ஆகிவிடுகிறது. மூட்டைக்கு 50 ரூபாய் மலிவு என்று வாங்கியவர், சத்துக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்திருக்கிறார்! கந்தகம் தேவைப்படும் நிலத்திற்கு அதே உரம் தக்க உரமாகவும் இருக்கலாம். நிலம் என்ன கேட்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் இந்தக் கணக்கு உதவும்.

நிலம் கேட்பதைச் சொல்வது மண் பரிசோதனை. மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அட்டை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பவர் பலர். உரக் கடைக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துச் செல்பவர் சிலரே. மருத்துவர் எழுதிய சீட்டை வீட்டில் வைத்துவிட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய், "எனக்கு என்ன மருந்து நல்லது?" என்று கேட்பதற்கு இது ஒப்பாகும்.

யூரியா தட்டுப்பாடான காலத்தில், "யூரியா வேண்டுமானால் இந்தச் சத்து மருந்தையும் சேர்த்து வாங்க வேண்டும்" என்று சில இடங்களில் கட்டாயப்படுத்துவதுண்டு. இது அரசு தடை செய்துள்ள வழக்கம். வேண்டாத பொருளை வாங்க மறுக்கவும், வேளாண் துறையிடம் புகார் செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மருந்துக் கடையில் உயிர் விஷயம்

பூச்சிமருந்தைப் பற்றிப் பேசும்போது பணக் கணக்கோடு நின்றுவிட முடியாது. 2017-ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தின் பருத்தி வயல்களில் மருந்து தெளித்த விவசாயிகள் சிலர் நச்சேறி உயிரிழந்தார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்திலும் பலர் மாண்டனர். பயிரைக் காக்கப் போனவர்கள் பிணமாகத் திரும்பியதை நாம் மறக்கலாகாது. மறு ஆண்டு, அதாவது 2018-இல், அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அப்போது மனம் கலங்கிய விவசாயிகள், எந்த மருந்து என்று தெரியாமல், கடையில் கொடுத்ததையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெளித்ததையும் கண்டோம்.

பருத்தியில் என்ன பூச்சி என்று பாராமல், "பூச்சி விழுந்திருக்கிறது, நல்ல மருந்தாகக் கொடுங்கள்" என்று கேட்பதுதான் இந்தத் துன்பத்தின் தொடக்கம். கடைக்காரர் உங்கள் வயலைப் பார்த்தவர் அல்லர். அவர் தம்மிடம் இருப்பதைத் தருவார். சில வேளை மூன்று புட்டிகளைச் சேர்த்துத் தருவார். மருந்தைத் தீர்மானிக்கும் இடம் கடை அன்று, வயல். தாக்குண்ட செடியைப் பையில் போட்டு, வட்டார வேளாண் அலுவலரிடமோ, பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் இயங்கும் வேளாண் அறிவியல் மையங்களிலோ காட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.

புட்டியின் மேல் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள் என்றால் கடும் நஞ்சு; நீலம் நடுத்தரம்; பச்சை ஓரளவு நஞ்சு குறைந்தது. எழுத்தறியாதவரும் நிறத்தைக் கண்டு அறியலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகள் இருந்தால், நஞ்சு குறைந்ததைக் கேளுங்கள். மருந்து வாங்கும் நாளிலேயே கையுறையும் முகக்கவசமும் வாங்கிவிடுங்கள். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பது சிக்கனம் அன்று. தெளிப்பவர் கூலிக்கு வந்தவராயினும், அவர் உயிர் வாங்குகிறவரின் பொறுப்பிலேயே இருக்கிறது.

கடன் சொன்னால் வாய் அடையும்

இவ்வளவும் கேட்டபின், "எல்லாம் சரிதான் ஐயா, கையில் பணம் இருந்தால் நாங்களும் பார்த்து வாங்க மாட்டோமா?" என்று உங்களில் ஒருவர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. விஷயத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

கடனுக்கு வாங்குகிறவர், பொருளோடு தம் சுதந்திரத்தையும் அடகு வைக்கிறார். ரசீது கேட்க அவருக்கு நா எழாது. வேறு கடையில் விலை விசாரிக்க மனம் துணியாது. வேண்டாத மருந்தைத் தள்ளவும் முடியாது. பல இடங்களில் விளைச்சலையும் அதே கடையிலேயே, அவர்கள் சொன்ன விலைக்கே போட வேண்டியதாகிறது. ரொக்கத்துக்கு 1,200 ரூபாய் உள்ள பொருளை, அறுவடைக்குப் பின் 1,350 ரூபாய் தருவதாக வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நூற்றைம்பதுதானே" என்று தோன்றும். ஐந்து மாதத்திற்கு 1,200 ரூபாய்க்கு 150 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு முப்பது! இந்த வட்டியை யாரும் வாயால் சொல்வதில்லை; ஆகையால் நமக்கு வலிப்பதுமில்லை.

இதற்கு எதிராக, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் செலுத்தினால், தமிழ்நாட்டில் விவசாயிக்கு வட்டிச் சுமையே இல்லை. நகல் எடுப்பதும், அலைவதும், காத்திருப்பதும் தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் விதைப்புக்கு இரண்டு மாதம் முன்னதாகவே அந்த அலைச்சலை முடித்தவர், கையில் ரொக்கத்தோடு கடைக்குள் நுழைகிறார். ரொக்கத்தோடு நிற்பவர் கேள்வி கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கும் போகலாம்.

வீடு கட்டும்போது

அரியலூர் என்றாலே சிமெண்டு நினைவுக்கு வரும். நம் காலடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் நாட்டின் பல பாகங்களில் கட்டடமாக உயர்ந்து நிற்கிறது. அரசு நிறுவனமான தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலையும், தனியார் ஆலைகள் பலவும் இம்மாவட்டத்தில் உள்ளன. ஆயினும் சிமெண்டு மூட்டையில் அச்சிட்ட நாளைப் பார்த்து வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்? சிமெண்டு காற்றின் ஈரத்தைக் குடித்து, நாளடைவில் வலுவிழக்கும். மூன்று மாதம் கிடந்தால் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆகவே மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், ஆக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் பாருங்கள். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கட்டி தட்டியிருக்கக் கூடாது. விலை குறைகிறதென்று ஆறு மாத வேலைக்கான சிமெண்டை ஒரே நாளில் வாங்கி அடுக்காதீர்கள்.

கம்பியை எண்ணிக்கையில் வாங்காமல் எடையில் வாங்குங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும். சிறிது ஏற்றத்தாழ்வை விதிகளே அனுமதிக்கின்றன. ஆனால் ஒன்பதரைக் கிலோ கம்பிக்குப் பத்தரைக் கிலோவின் விலை கொடுக்க எந்த விதியும் சொல்லவில்லை.

மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வருகின்றன. யூனிட் என்பது நூறு கன அடி. லாரியின் உட்புற நீளம் 14 அடி, அகலம் 7 அடி, சரக்கின் உயரம் 3 அடி என்றால் 294 கன அடி. ஏறத்தாழ மூன்று யூனிட். அதே லாரியில் உயரம் இரண்டரை அடிதான் என்றால் 245 கன அடியே. அரை அடி உயரத்தில் அரை யூனிட் மறைந்துவிடுகிறது! இறக்குவதற்கு முன் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். அளவு பார்ப்பவர் என்று பெயர் எடுத்துவிட்டால், அடுத்த லாரி நிறைந்தே வரும்.

அளவைப் பற்றி ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. வீசையும் மணங்கும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் குழப்பத்தில் ஏழைகளே ஏமாந்தார்கள். 1956-இல் நாடாளுமன்றம் எடையளவுச் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் கிலோ, மீட்டர் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இப்போது 2009-ஆம் ஆண்டின் சட்டமளவைச் சட்டம் நடப்பில் உள்ளது. தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். கட்டிய பொருளில் நிகர எடையும், வரிகள் அடங்கிய உச்சவிலையும், தயாரித்தவர் முகவரியும் இருக்க வேண்டும். சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. முத்திரையைப் பார்க்கும் வேலை நம்முடையது.

ஊர்ப் பணத்தில் வாங்கும்போது

இனி ஊராட்சிப் பணியில் உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். சொந்தப் பணத்தில் ஏமாந்தால் ஒரு வீடு ஏமாறுகிறது. ஊர்ப் பணத்தில் ஏமாந்தால் ஊரே ஏமாறுகிறது. ஆகவே வாங்கும் திறமை உங்களுக்கு இருமடங்கு வேண்டும்.

பொதுக் கொள்முதலுக்கெனத் தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டிலேயே ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கருத்து எளியது: வாங்கப்போவதை எல்லோரும் அறியச் சொல், எல்லோருக்கும் ஒரே நிபந்தனை வை, விலைகளைத் திறந்த அவையில் பார், காரணத்தை எழுதி வை. வேலையைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்ப்பது, சட்டத்தின் எழுத்துக்கும் கருத்துக்கும் விரோதமாகும்.

ஆனால் குறைந்த விலையை ஏற்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. "தெருவிளக்கு இருபது வேண்டும்" என்று மட்டும் எழுதினால், மிகக் குறைந்த விலையில் மிகக் குறைந்த விளக்கே வரும். எத்தனை வாட்டு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும் என்பவற்றை முன்பே எழுதிவிட்டால், அதன் பிறகு குறைந்த விலையே நல்ல விலையாகும். குடிநீர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு நீரை இறைக்க, ஒரு மோட்டார் மற்றதைவிட மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம் குறைவாக எடுக்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால், ஆண்டுக்கு 2,190 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என வைத்தால் 17,520 ரூபாய். வாங்கும் நாளில் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தவர், முதலாண்டிலேயே அதையும் அதற்கு மேலும் இழந்துவிடுகிறார்.

குடிநீர்த் தொட்டியில் இடும் பிளீச்சிங் பவுடர் மற்றோர் உதாரணம். புதிய சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. திறந்து கிடந்தாலும், வெயிலில் கிடந்தாலும், நாள்பட்டாலும் அது பறந்துவிடும். மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பே. மலிவாகக் கிடைத்ததென்று ஓராண்டுக்கு வேண்டியதை வாங்கி வைத்தால், பதிவேட்டில் மருந்து இருக்கும்; தண்ணீரில் மருந்து இராது. ஊரில் வாந்திபேதி வரும்போதுதான் அந்த மலிவின் விலை தெரியும்.

சரக்கு வந்தவுடன் எண்ணி, எடை போட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். கிராம சபை கூடும் நாளில், "இந்தக் காலத்தில் இன்னது வாங்கினோம், இன்ன விலைக்கு வாங்கினோம், இத்தனை பேர் விலை கொடுத்திருந்தார்கள்" என்று உரக்கப் படித்துக் காட்டுங்கள். கணக்கைப் படித்துக் காட்டுகிற ஊராட்சிக்கு நல்ல பெயர் தானாக வரும். நேர்மையாக வாங்கியவருக்கு அதைவிடச் சிறந்த பாதுகாப்பும் இல்லை.

சேர்ந்து வாங்கினால்

தனியொருவர் ஐந்து மூட்டை வாங்கினால் கடைக்காரர் விலை சொல்கிறார். ஐம்பது பேர் சேர்ந்து ஐந்நூறு மூட்டை கேட்டால், கடைக்காரரே விலை கேட்க வருகிறார். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக இருபத்தெட்டுப் பேர், தங்கள் சிறு சேமிப்பைச் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்றவையே அவர்களுடைய சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை என்பவை அவர்கள் கொண்ட கொள்கை. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு அதுவே வழிகாட்டிற்று. நம் சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதே நெறியில் வந்ததே. ஆக, கூட்டுறவின் பிறப்பே வாங்குகிறவர்களின் ஒற்றுமையில்தான் நிகழ்ந்தது.

நம் ஊர்களில் கூட்டுறவுச் சங்கம் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்கள் உண்டு. விதைப்புக்கு முன் ஒரு மாலை கூடி, யாருக்கு எத்தனை மூட்டை என்று பட்டியலிட்டு, மூன்று கடைகளில் விலை கேட்டு, ஒரே வண்டியில் இறக்கினால் போதும். விலையும் குறையும், வண்டிச் சத்தமும் குறையும், ஐம்பது பேருக்கும் ரசீதும் கிடைக்கும். தனியாகக் கேட்கத் தயங்குபவரும் கூட்டமாகக் கேட்கத் தயங்கமாட்டார்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால் மனம் தளர வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ரசீது மட்டும் வேண்டும்!

நண்பர்களே, நீண்ட நேரம் பேசிவிட்டோம். இன்று வீட்டுக்குப் போனதும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுங்கள். இந்தப் பருவத்திற்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்று நான்கு பத்தியாக எழுதுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால், பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் அது நல்ல பாடம். வாங்கியவுடன் விலையைக் குறியுங்கள். ரசீதை அதிலேயே ஒட்டுங்கள். அறுவடை முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் உழக்கு சிந்திற்று என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். மறு பருவத்தில் அதைச் சிந்தவிட மாட்டீர்கள்.

உழுதவர் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது என்ற பழமொழி, கணக்குப் பார்க்காதே என்று நமக்குச் சொல்ல வந்ததன்று. உழுவதற்கு முன்பே, வாங்கும் நாளிலேயே கணக்குப் பாருங்கள். உழக்காவது மிஞ்சும், நாளடைவில் படியும் மிஞ்சும்.